காளை மார்க்குப் புகையிலை

சுங்கான் பிடிப்பவரோடு பழகியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அவருக்கு வேண்டியது புகையிலை அன்று. குறிப்பிட்ட ஒரு புகையிலை. பழகிய சரக்குக் கடையில் இல்லையென்றால் வேறொன்றை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பும் மனிதர் மிகச் சிலரே. மற்றவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். அங்கும் இல்லாவிடில் அடுத்த ஊருக்கு ஆள் அனுப்புவார்கள். இதை அற்பமான பலவீனம் என்று நாம் சிரிக்கலாம். ஆனால் இந்தப் பலவீனமே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒரு சிற்றூரைப் பெரிய தொழில் நகரமாக்கிற்று.

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் கைவிட மனமில்லாத தென்மாநிலங்கள் ஐக்கியத்தினின்றும் பிரிந்து நின்றன. ஆபிரகாம் லிங்கனின் சர்க்கார் தென்னாட்டுத் துறைமுகங்களைக் கப்பற்படை கொண்டு முற்றுகையிட்டது. புகையிலைக்குப் பேர்போன வர்ஜீனியாவும் வட கரோலினாவும் தென்னணியில் இருந்தன. காப்பிக் கொட்டையோ கடல் கடந்து வரவேண்டிய பொருள். முற்றுகை அதைத் தெற்கே போகவொட்டாமல் தடுத்தது. ஆகவே வடக்கத்தியச் சிப்பாயிடம் காப்பி இருந்தது, நல்ல புகையிலை அரிதாயிற்று. தெற்கத்தியச் சிப்பாயிடம் புகையிலை இருந்தது, காப்பி இல்லை. தெற்கே ஓக் மரத்தின் கொட்டை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வெண்டை விதை ஆகியவற்றை வறுத்துப் பொடித்துக் காய்ச்சி, அதற்குக் காப்பி என்று பெயரிட்டுக் குடித்தார்கள். வடக்கே, படையைத் தொடர்ந்து சென்ற சில்லறை வணிகர்கள் மட்டமான புகையிலையை அநியாய விலைக்கு விற்றார்கள்.

இந்த இரண்டு குறைகளும் சந்தித்த இடம் ராப்பஹானக் என்னும் ஆறு. 1862 டிசம்பர் 13-ஆம் நாள் அதன் கரையிலுள்ள பிரெடரிக்ஸ்பர்க் நகரில் கொடிய போர் நிகழ்ந்தது. மாண்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர் என்று வடக்கத்தியர் தரப்பில் மட்டும் 12,000 பேருக்கு மேல் இழப்பு. அதன் பின்னர் குளிர்காலம் முழுவதும் இரு படைகளும் ஆற்றின் இரு கரைகளிலும் பாளையம் இறங்கியிருந்தன. காவல் நின்றவர்கள் குரல் கொடுத்தால் எதிர்க்கரைக்குக் கேட்கும்.

அங்கே ஒரு விநோத வாணிகம் தொடங்கியது. பலகைத் துண்டை ஓடம்போலச் செதுக்குவார்கள். அதில் சிறு குச்சியை நட்டுக் காகிதத்தையோ துணியையோ பாயாகக் கட்டுவார்கள். காற்று வீசும் திசையைப் பார்த்துச் சுக்கானைப் பொருத்தி ஆற்றில் விடுவார்கள். தென்கரையிலிருந்து அது புகையிலையைச் சுமந்து செல்லும். வடகரையிலிருந்து காப்பியும் சர்க்கரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும். சில வேளைகளில் செய்தித்தாளும் கூடப் போகும். செய்தித்தாளில் படைச் செய்திகள் இருக்குமாதலால் மேலதிகாரிகள் இதைத் தடை செய்து உத்தரவிட்டார்கள். உத்தரவு உத்தரவாகவே இருந்தது, ஓடங்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. இதை மனித நேயத்தின் வெற்றி என்று சிலர் உருக்கமாக எழுதுவதுண்டு. எனக்கு அவ்வளவு தூரம் செல்ல மனம் வரவில்லை. அடுத்த வசந்த காலத்தில் அதே மனிதர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். எனினும், பகைவனிடமிருந்து வந்த புகையிலையைத் துளியும் ஐயமின்றிச் சுங்கானில் இட்டுப் புகைத்தார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை.

போரின் இறுதிக் கட்டத்துக்கு வருவோம். வட கரோலினாவில் டர்ஹாம் ஸ்டேஷன் என்று ஒரு சிறு ரயில் நிலையம். ஊரில் நூறு பேர்கூட இல்லை. அங்கே ஜான் ரஃபின் கிரீன் என்பவர் புகையிலைத் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். சில மைல் தொலைவிலுள்ள சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்து மாணவர்கள் காட்டமில்லாத, இனிய புகையிலையை விரும்பினார்கள். அவர்கள் ருசியறிந்து கிரீன் சரக்குத் தயாரித்தார்.

அந்த இனிமை எங்கிருந்து வந்தது? இதற்கு 1839-ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். அதே மாநிலத்தில் காஸ்வெல் வட்டாரத்தில் ஏபிஷா ஸ்லேடு என்பவரின் பண்ணையில் ஸ்டீபன் என்ற அடிமை வேலை செய்துவந்தார். கொல்லுவேலை தெரிந்தவர். கொட்டகையில் புகையிலையை உலர்த்த மூட்டிய தீயைக் காக்கும் பணி ஓரிரவு அவருக்கு வாய்த்தது. அவர் கண்ணயர்ந்துவிட்டார். விழித்துப் பார்த்தபோது தீ அணையும் தறுவாயில் இருந்தது. பதறிப்போய்க் கொல்லுலைக்காக வைத்திருந்த மரக்கரியை அள்ளிவந்து தீயில் கொட்டினார். புகையில்லாத கடும் வெப்பம் திடீரென்று எழுந்தது. இலைகள் வழக்கமான கருநிறத்துக்குப் பதிலாகப் பளிச்சென்ற மஞ்சள் நிறம் பெற்றன. அந்த இலைக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு விலை கிடைத்தது. இலை மஞ்சளாகும் வேளை பார்த்து வெப்பத்தை விரைவாக ஏற்றினால், அதிலுள்ள சர்க்கரைச் சத்து சிதையாமல் நிற்கிறது, புகையும் மென்மையாகிறது. பிற்காலத்தில் கோடிக்கணக்கான டாலர் புரண்ட ஒரு தொழிலின் வேர் இதுதான். ஏபிஷா ஸ்லேடு அந்த முறையைப் பரப்பிப் புகழ் பெற்றார். தூக்கம் கலைந்தெழுந்து ஓடியவரையோ வரலாறு ஸ்டீபன் என்று மட்டுமே அழைக்கிறது.

1865 ஏப்ரலில் தென்னகத்துத் தளபதி ஜான்ஸ்டனும் வடக்கத்தியத் தளபதி ஷெர்மனும் டர்ஹாம் ஸ்டேஷனுக்கு அருகில், பென்னட் என்ற குடியானவர் வீட்டில் சந்தித்துப் பேசினார்கள். 17-ஆம் தேதி தொடங்கிய பேச்சு 26-ஆம் தேதி சரணாகதியில் முடிந்தது. ஏறத்தாழ 89,000 வீரர்கள் அந்த உடன்படிக்கைக்குள் அடங்கினார்கள். அப்போரில் அதைவிடப் பெரிய சரணாகதி வேறில்லை. பேச்சு நடந்த நாட்களில் இருதரப்புச் சிப்பாய்களும் அந்த வட்டாரத்தில் வேலையின்றிச் சுற்றித் திரிந்தார்கள். கிரீனின் தொழிற்சாலை அவர்கள் கண்ணில் பட்டது. ஆற்றில் ஓடம் விடும் சிரமம் இப்போது இல்லை. உள்ளே புகுந்து இருந்த சரக்கையெல்லாம் வாரிக்கொண்டு போனார்கள். கிரீன் தாம் அழிந்தோம் என்றே எண்ணினார்.

வீரர்கள் நாலா திசைகளிலுமுள்ள தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள். பைகளில் கொண்டுபோன புகையிலை தீர்ந்தது. உள்ளூர்க் கடையில் அந்தச் சரக்கு இல்லை. கடைக்காரர் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. மற்றப் புகையிலை நாவுக்கு ஒவ்வவில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் டர்ஹாம் என்ற ஊர்ப் பெயர் ஒன்றுதான். எனவே அவ்வூர்த் தபால் நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் கடிதம் எழுதத் தொடங்கினார்கள்: அந்தப் புகையிலை எங்கே கிடைக்கும்? காசு தருகிறோம், அனுப்புவீர்களா? கொள்ளையடித்தவர்களே வாடிக்கைக்காரர்களாக மாறிய வேடிக்கை வாணிக வரலாற்றில் எத்தனை முறை நடந்திருக்கும்!

கிரீன் கெட்டிக்காரர். பெயரில்லாத சரக்கைத் தேடுவது கடினம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த கோல்மன் கடுகுப் பொட்டலத்தில் காளைத் தலை அச்சிட்டிருந்ததைக் கண்டு, அதையே தமக்கும் அடையாளமாக்கிக்கொண்டார் என்பர். அந்தக் கடுகு இங்கிலாந்திலுள்ள டர்ஹாமில் செய்யப்படுவது என்று அவர் நினைத்தாராம். உண்மையில் கோல்மன் நிறுவனம் இருந்தது நாரிச் நகரில். தவறான எண்ணத்தில் பிறந்தாலும் 'புல் டர்ஹாம்' என்ற பெயர் நிலைத்தது.

கிரீன் 1869-இல் காலமானார். தொழிலைப் பிளாக்வெல் என்பவர் வாங்கி, ஜூலியன் கார் என்ற கூட்டாளியோடு பெருக்கினார். 1874-இல் பெரிய செங்கல் கட்டடம் எழுந்தது. உண்மைச் சரக்குக் கிடைக்காத இடங்களில் காளைப் படம் போட்ட போலிகள் கிளம்பின. அவற்றைத் துரத்தி நீதிமன்றங்களில் வழக்கு நடந்தது. சுவர்தோறும் காளை விளம்பரம். அதே ஊரில் புகையிலை வியாபாரம் செய்த டியூக் குடும்பத்தினர், சுங்கான் புகையிலையில் இந்தக் காளையோடு மோத முடியாதென்று கண்டு, 1881-இல் சிகரெட்டின் பக்கம் திரும்பினார்கள். 1884-இல் பான்சாக் இயந்திரம் அவர்களிடம் வந்தது. அது நாளொன்றுக்கு 1,20,000 சிகரெட்டுகள் சுற்றியது. சுங்கான்காரரை மகிழ்வித்த அதே மென்மை, சிகரெட்டுப் புகையை நெஞ்சு நிறைய இழுக்கச் செய்தது. அதன் விளைவை அமெரிக்க சர்க்காரின் மருத்துவ அறிக்கை 1964-இல் உலகுக்குச் சொன்னது.

முதல் உலகப் போரின்போது, 1918-இல், புல் டர்ஹாமின் உற்பத்தி முழுவதையும் படைவீரர்களுக்கென்று சர்க்காரே எடுத்துக்கொண்டது. ஊரிலிருந்தவர்கள் மறுபடியும் கடைகடையாக அலைந்தார்கள். போர் முடிந்து சரக்குத் திரும்பி வந்தது. ஆனால் சுங்கான் பிடிப்போர் குறைந்துகொண்டே போயினர். 1988 ஆகஸ்டு 15-ஆம் நாளோடு புல் டர்ஹாம் தயாரிப்பு நின்றது. பிளாக்வெல் எழுப்பிய செங்கல் கட்டடம் இன்னும் டர்ஹாமில் நிற்கிறது. அதில் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள்.