கார்ட்டரின் ஸ்வெட்டரும் அமெரிக்க ஜன்னல்களும்

ஜன்னலுக்கு வருமான வரிச் சலுகை கிடைக்குமா? அமெரிக்காவில் கிடைத்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

மார்கழிக்கே மப்ளர் சுற்றும் நமக்கு, வீட்டைச் சூடாக்கப் பில் கட்டுவது என்பது கொஞ்சம் விநோதம்தான். அங்கே வடக்கு மாநிலங்களில் வீட்டுக்கு வீடு எண்ணெயோ எரிவாயுவோ எரித்துச் சூடாக்குகிறார்கள். காசு கொடுத்து உண்டாக்கிய அந்தச் சூடு ஜன்னல் இடுக்கிலும் ஒற்றைக் கண்ணாடி வழியாகவும் வெளியே போய்விடும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைத்து வைத்தால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும். நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஸ்டெட்சன் இதற்கு 1865லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் எண்ணெய் மலிவாக இருந்தவரை இதற்கெல்லாம் யார் செலவு செய்வார்கள்?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்தது, 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. அது போதாதென்று 1976-77ல் கடுங்குளிர், கூடவே எரிவாயுத் தட்டுப்பாடு. 1977 பிப்ரவரி 2 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிவியில் வந்து உட்கார்ந்தார். பகலில் 65, இரவில் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வீட்டைச் சூடாக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். (நம் கணக்கில் 18, 13 டிகிரி. நான் போர்வையை விட்டே வெளியே வரமாட்டேன்! :-))

அடுத்த வருடம் எரிசக்தி வரிச் சட்டம், 1978 வந்தது. காமர்ஸ் மாணவனுக்கு சுவாரஸ்யமான இடம் இதுதான். பழைய ஜன்னலுக்கு வெளியே குளிர்காலத்துக்காக மாட்டும் இன்னொரு கண்ணாடிச் சட்டம், இடுக்கை அடைக்கும் பசை, கதவு விளிம்பில் ஒட்டும் பட்டை, இவற்றுக்கெல்லாம் ஆகும் முதல் 2,000 டாலர் செலவில் 15 சதவீதத்தை, அதாவது அதிகபட்சம் 300 டாலரை, கட்டவேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். வருமானத்தில் அல்ல, வரியில்! 1977 ஏப்ரல் 20க்கு முன் கட்டிய வீடாக இருக்க வேண்டும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். ஜன்னல்களுக்கு 2,000 டாலர் செலவு, வருடத்துக்கு 200 டாலர் மிச்சம் என்று வையுங்கள். போட்ட காசு திரும்ப 10 வருடம் ஆகும். சலுகையோடு எட்டரை வருடம். பசைக்கு 40 டாலர் செலவழித்து வருடம் 40 மிச்சமானால் ஒரே வருடம்தான். அரசு கொடுப்பதோ இரண்டுக்கும் அதே 15 சதவீதம்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு இதனால் என்ன பயன்? தான் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் சலுகை என்பதால், வாடகைக்கு விட்ட வீட்டுக்கு உரிமையாளர் இதை வாங்க முடியாது. வாடகைக்கு இருப்பவர் வாங்கலாம், ஆனால் அடுத்தவர் சுவருக்கு யார் ஜன்னல் மாட்டுவார்கள்? பில் கட்டுவது ஒருவர், ஜன்னல் இன்னொருவருடையது.

ஏழைகளுக்கென்று 1976லேயே தனித்திட்டம் ஒன்று சட்டமாகியிருந்தது. வரி எதுவும் கட்டாதவர் வீட்டுக்கும் ஆட்கள் வந்து வேலை செய்து கொடுப்பார்கள். ஆரம்ப வருடங்களில் செய்ததெல்லாம் பெரும்பாலும் தற்காலிக வேலைதான். இடுக்கை அடைப்பார்கள், ஜன்னலில் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவார்கள். வசதியுள்ளவருக்கு வரிக் கழிவோடு கண்ணாடி, இல்லாதவருக்கு பிளாஸ்டிக்! ஆனாலும் உண்மையில் குளிரில் நடுங்கியவர் வீட்டுக் கதவைத் தட்டியது இந்தத் திட்டம்தான் என்பதால் என் ஓட்டு இதற்கே. வெளியே மாட்டும் கண்ணாடியும் கூரைக்கு வெப்பக்காப்பும் பிறகு இதிலும் வந்தன.

வரிச் சலுகை 1985 முடிவோடு காலாவதியானது. அதற்குள் எண்ணெய் விலையும் இறங்கத் தொடங்கியிருந்தது. 2022 சட்டத்தில் ஜன்னலுக்கு 30 சதவீதம், வருடத்துக்கு 600 டாலர் வரை என்று பெரிதாக்கினார்கள். 2025ல் வந்த சட்டம் அதற்கு 2025 டிசம்பர் 31ஐ கடைசி நாளாக்கியது. பிளாஸ்டிக் மட்டும் போகவே இல்லை. ஜன்னல் சட்டத்தில் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டி இறுக்கும் மெல்லிய தாளாக இன்றும் அங்கே கடைகளில் விற்கிறது. வாடகை வீட்டுக்காரர்கள் குளிர் தொடங்கும்போது ஒட்டி, வசந்தத்தில் பிய்த்து எறிகிறார்கள்.