கந்தோரும் காற்றோட்டமும்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் கல்லில் மட்டுமன்றிச் சொல்லிலும் படிக்கலாம். இலங்கைத் தமிழர் அலுவலகத்தைக் 'கந்தோர்' என்பர். அஃது ஒல்லாந்தர் தந்த சொல். அங்கே காத்திருப்போர் அமரும் 'வாங்கு' போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. மாவட்டத் தலைமை அலுவலகமாகிய 'கச்சேரி' இந்துஸ்தானிச் சொல். ஆங்கிலேயர் ஆட்சியிலே இங்கு நிலைத்தது. ஆட்சிகள் மாறின, எழுதுவோர் உள்ளேயும் வேண்டுவோர் வெளியேயும் இருக்கும் அமைப்போ நெடுங்காலம் நீடித்தது.

வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியில் உள்ளது பூவரசங்குளம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின், இத்தகைய வன்னிக் கிராமத்துக் கமக்காரர் அரச காணி பெற அனுமதிப்பத்திரம் வேண்டியதாயிற்று. அதன் பொருட்டுக் கந்தோரை நாடியவருக்கு நிழல் தந்தது விறாந்தை. எனினும் அது வந்தவருக்காக மாத்திரம் எழுந்ததன்று. வெயில் சுவரைச் சுடாமலும், மழைச்சாரல் கோவைகளை நனைக்காமலும் தடுத்து, யன்னல்களைத் திறந்தே வைக்க உதவிற்று. உயர்ந்த ஓட்டுக்கூரை சூட்டை மேலே வாங்கிக்கொண்டது. லிகிதரின் கை வியர்த்துக் கடதாசி கெடாதிருக்க இவையே துணை. அதிகாரிக்கோ மேலதிகமாகப் பங்காவும் ஆடியது. அதன் கயிற்றை இழுத்தவர் வெளியே இருந்து வியர்த்தார். காற்றுக்கூடப் பதவி பார்த்தே வீசியது.

மேல்நாட்டார் வேறு வழி கண்டனர். 1906இல் அமெரிக்காவின் பவலோ நகரிலே பிராங்க் லொயிட் றைட் அமைத்த லார்கின் நிறுவனக் கட்டடம், புகையிரதப் புகையை விலக்க யன்னல்களை அடைத்து, தூய்மை செய்த காற்றை உள்ளே செலுத்திற்று. கூரைக்கண்ணாடி வழியே ஒளி இறங்கும் நடுக்கூடத்தில் மேலாளரும் எழுதுவினைஞரும் ஒருங்கே அமர்ந்தனர். ஒளி யாவர்க்கும் பொதுவாயிற்று. ஆனால் மேலாளர் கண்ணுக்குத் தப்பி மூச்சுவிட ஒரு மூலையும் இல்லாது போயிற்று.

அடைத்த கட்டடங்கள் பின்னர் வெப்ப நாடுகளிலும் பரவின. அவற்றுக்கு மாறாக, ஜெப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்கென ஒரு மாடிக் கட்டடம் அமைத்தார். இயற்கைக் காற்றும் பகலொளியும் மேசைகளைச் சேருமாறு அது வகுக்கப்பட்டது. விறாந்தை வீட்டின் பழைய அறிவு மாடிக்கும் ஏற்றதென்று அது காட்டிற்று.

1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பல அதிகாரங்களைப் பிரதேச செயலாளரிடம் கையளித்து, அலுவலகத்தைக் கிராமத்துக்கு அண்மையிற் கொணர்ந்தது. தூரம் குறைந்தது. ஆயினும், குளிரூட்டிய அறையின் யந்திரம் தன் வெப்பத்தை வெளியே வாங்கிலிருப்பவர் மீது உமிழுமாயின், பங்காவின் கதையே மீளும். ஆதலால், அலுவலகத்துக்கு வரைபடம் தீட்டுவோர் லிகிதரின் மேசையையும் வந்தவரின் வாங்கையும் முதலிற் குறித்து, அதன் பின்னரே அதிகாரியின் அறையைக் குறிப்பது முறையாகும்.