குறைந்த செலவில் ஸ்மார்ட் ஹோம்: எங்கிருந்து தொடங்குவது?

நம் ஊர்களில் பல வீடுகளில் நடப்பதுதான் இது. வாப்பாவும் உம்மாவும் மட்டும் ஊரில் இருக்கிறார்கள். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு வரும்போது ஒரு ஸ்பீக்கர், இரண்டு கேமரா, ஐந்தாறு வண்ண பல்புகள் வாங்கி வந்து, எல்லாவற்றையும் தம்முடைய செல்போனில் இணைத்துவிட்டுப் போகிறார். இரண்டாவது வாரமே சிக்கல் வருகிறது. உம்மா பழக்கப்படி சுவரில் உள்ள ஸ்விட்சை அணைக்கிறார். அத்துடன் அந்த பல்புக்கும் செயலிக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. கரண்ட் போய் நள்ளிரவில் திரும்ப வரும்போது எல்லா பல்புகளும் ஒன்றாக எரிந்து வீட்டையே எழுப்பிவிடுகின்றன. ஒரு மாதத்தில் பழைய பல்புகள் திரும்ப வந்துவிடும். புதியவை அலமாரிக்குப் போய்விடும்.

குறை பொருளில் இல்லை. வீட்டில் வசிப்பவருக்கு என்ன தேவை என்று கேட்காமல், கடையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்து வாங்கியதில்தான் குறை. சரியாகத் திட்டமிட்டால் ஐயாயிரம் ரூபாய்க்குள் நல்ல தொடக்கம் அமையும். அதற்கான வழிகாட்டிதான் இந்தக் கட்டுரை.

ஸ்மார்ட் ஹோம் என்றால் என்ன?

மூன்றே பகுதிகள்தாம். முதலாவது, விளக்கு, பிளக், சென்சார் போன்ற கருவி. இரண்டாவது, அதை இணைக்கும் வைஃபை போன்ற வழி. மூன்றாவது, ‘இந்த நேரத்தில் இதைச் செய்’ என்று நாம் எழுதி வைக்கும் விதி. செல்போனைத் தட்டி விளக்கைப் போடுவது வெறும் ரிமோட் வேலை. யாரும் தொடாமலேயே மாலை ஆறரைக்கு வாசல் விளக்கு எரிந்து, காலையில் அணைவதுதான் உண்மையான பயன்.

முதல் வேலை: தாளும் பேனாவும்

எதையும் வாங்கும் முன் வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: தினமும் உங்களுக்குத் தொல்லை தருவது எது? பெரும்பாலும் வரும் பதில்கள் இவை: இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் இருட்டு, கீஸரை அணைக்க மறந்துவிடுகிறோம், மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது, வெளியூர் போனால் வாசல் விளக்கைப் போட ஆளில்லை. இவற்றில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவை மூன்று மாதம் நன்றாக ஓடிய பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்.

மூன்று அடிப்படைகள்

1. வைஃபை: விலை குறைந்த கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸும் அதே பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் முதல் முறை இணைக்கும்போது திணறலாம். அப்போது 5 கிகாஹெர்ட்ஸைத் தற்காலிகமாக நிறுத்தி, இணைத்த பிறகு திரும்பப் போட்டுக்கொள்ளலாம். காங்கிரீட் தளமும் தடித்த சுவரும் அலையைக் குறைக்கும். கருவி வைக்கப்போகும் இடத்தில் செல்போனுக்கு வைஃபை சரியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

2. மின்தடை: ரௌட்டர் நின்றால் தொலைவிலிருந்து இயக்குவதும் நின்றுவிடும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரௌட்டரை அந்த லைனில் போடுங்கள். இல்லையென்றால் ரௌட்டருக்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். போதும்.

3. வயரிங்: ஸ்விட்ச் போர்டுக்குள் பொருத்தும் கருவிகளுக்குப் பெரும்பாலும் நியூட்ரல் வயர் வேண்டும். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். வெறும் ஸ்விட்ச் மட்டும் உள்ள பழைய போர்டில் இல்லாமல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கொண்டு இதைப் பார்த்த பிறகே ஆர்டர் செய்யுங்கள். மெயினை அணைக்காமல் யாரும் போர்டைத் திறக்க வேண்டாம்.

எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

சென்சார் பல்பு: முதலில் வாங்க வேண்டியது இதுதான். ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தைக் கொண்டு அறிந்து தானே எரியும். சிறிது நேரத்தில் தானே அணையும். வைஃபை வேண்டாம், செயலி வேண்டாம். விலையும் சில நூறு ரூபாய்தான். பஜ்ருக்கு முன் எழுந்து ஒளு செய்யப் போகும் பெரியவர் இருட்டில் சுவரைத் தடவி ஸ்விட்சைத் தேட வேண்டியதில்லை. முதியவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவது எத்தனை குடும்பங்களை முடக்கியிருக்கிறது என்பதை நாம் அறிவோம். நடைவழி, மாடிப்படி, கழிவறை வாசல் ஆகிய இடங்களில் வையுங்கள். கழிவறைக்கு உள்ளே வைத்தால், அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது அணைந்துவிடும். நம் ஊர் ஹோல்டர்களில் பெரும்பாலானவை பி22 எனப்படும் இரண்டு பின் வகை. திருகிப் பொருத்தும் இ27 வகையைத் தவறி வாங்கிவிடாதீர்கள்.

ஸ்மார்ட் பிளக்: இருக்கும் பிளக் பாயின்டுக்கும் கருவிக்கும் நடுவே செருகுவது. வயரிங் வேலை இல்லை. வாடகை வீட்டுக்கும் ஏற்றது. ஆனால் ஆம்பியரைக் கவனிக்க வேண்டும். 10 ஆம்பியர் பிளக் டேபிள் ஃபேன், செல்போன் சார்ஜர், டி.வி. போன்றவற்றுக்கு மட்டும். 2,000 வாட் கீஸர் சுமார் 9 ஆம்பியரும், 3,000 வாட் கீஸர் சுமார் 13 ஆம்பியரும் இழுக்கும். எனவே கீஸருக்கு 16 ஆம்பியர் பிளக்தான். பெரிய பின்னை அடாப்டர் போட்டுச் சிறிய பிளக்கில் நுழைப்பது தீ விபத்தை அழைப்பதற்குச் சமம். ‘போட்ட இருபது நிமிடத்தில் அணை’ என்ற ஒரே விதி போதும், மறதியின் செலவு மிச்சம். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்ற சூடாகும் கருவிகளை ஆள் இல்லாத நேரத்தில் தொலைவிலிருந்து போடவே கூடாது.

ஸ்மார்ட் பல்பா, ஸ்விட்ச் மாட்யூலா? ஸ்மார்ட் பல்பு சுவர் ஸ்விட்ச் எப்போதும் ‘ஆன்’ நிலையில் இருந்தால்தான் செயலிக்குக் கட்டுப்படும். குழந்தைகளும் பெரியவர்களும் உள்ள வீட்டில் அது நடக்காது. போர்டுக்குப் பின்னால் பொருத்தும் மாட்யூலில் இந்தத் தொல்லை இல்லை; பழைய ஸ்விட்சும் வேலை செய்யும், செயலியும் வேலை செய்யும். ஆகவே எல்லோரும் புழங்கும் அறைக்கு மாட்யூல். ஒருவர் மட்டும் பயன்படுத்தும் படிப்பறைக்கோ வாசலுக்கோ பல்பு. ஃபேனையும் சேர்ப்பதானால் ‘ஃபேன் வேகக் கட்டுப்பாடு உள்ள மாட்யூல்’ என்று கேட்டு வாங்குங்கள். பல கருவிகளின் செயலியில் ‘கரண்ட் திரும்பியதும் என்ன நிலை’ என்ற அமைப்பு இருக்கும். அதில் ‘முன்பிருந்த நிலை’ என்று மாற்றிவிட்டால் நள்ளிரவில் விளக்கு எரிந்து எழுப்பாது.

ஐ.ஆர். ரிமோட்: பழைய ஏ.சி.யையும் டி.வி.யையும் செயலியோடு இணைக்கும் சிறு கருவி. ரிமோட் அனுப்பும் அதே கதிரை இதுவும் அனுப்பும். புதிய ஏ.சி. வாங்கத் தேவையில்லை. ஆனால் ஏ.சி. இருக்கும் அறையிலேயே, அதன் நேர்ப் பார்வையில் இருக்க வேண்டும்.

தண்ணீர் மோட்டார்: இதை ஸ்மார்ட் பிளக்கில் செருகாதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், பிளக் கருகிவிடும். தொட்டியின் நீர்மட்டத்தை அறிந்து தானே நிறுத்தும் தனிக் கன்ட்ரோலர் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கிறது. கீழ்த் தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரை ஓடவிடாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். இதற்கு இன்டர்நெட்டே வேண்டாம்.

ஐயாயிரம் ரூபாய்த் திட்டம்

விலை கடைக்குக் கடை மாறும். கீழே உள்ளது தோராயக் கணக்கு.

சென்சார் பல்பு மூன்று: 1,000 ரூபாய்
வாசலுக்கு ஸ்மார்ட் பல்பு ஒன்று: 600 ரூபாய்
கீஸருக்கு 16 ஆம்பியர் பிளக் ஒன்று: 1,200 ரூபாய்
ரௌட்டருக்குச் சிறிய யு.பி.எஸ்.: 1,300 ரூபாய்
எலக்ட்ரீஷியன் கூலிக்கும் சில்லறைச் செலவுக்கும்: 900 ரூபாய்

பட்டியலில் ஸ்பீக்கர் இல்லை, கவனியுங்கள். குரலால் இயக்குவது வசதிதான்; தேவை அல்ல. கையில் இருக்கும் செல்போனே போதும்.

கரண்ட் பில் குறையுமா?

விளம்பரங்கள் குறையும் என்கின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. பல்பு தினமும் ஐந்து மணி நேரம் வீணாக எரிந்தாலும், இரண்டு மாதத்துக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவுதான். ஸ்மார்ட் பல்போ அணைந்திருக்கும்போதும் வைஃபைக்காக அரை வாட் அளவுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். ஆக, பல்பில் பெரிய மிச்சம் இல்லை.

மிச்சம் இருப்பது ஃபேனிலும் கீஸரிலும் ஏ.சி.யிலும்தான். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், ஒரே ஃபேனில் இரண்டு மாதத்துக்குச் சுமார் 32 யூனிட் மிச்சம். தமிழ்நாட்டில் கட்டணம் அடுக்கடுக்காக உயர்வதால், மேல் அடுக்கில் இருக்கும் வீட்டுக்கு இந்த யூனிட்டுகள் பெரிய தொகை. இந்தியாவில் 2020 ஜனவரி முதல் விற்பனையாகும் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.களில் 24 டிகிரிதான் இயல்பு அமைப்பு. அதை 18க்கு இறக்காமல் விட்டாலே ஒரு செலவும் இல்லாத ‘ஸ்மார்ட்’ வேலை முடிந்தது.

கேமரா: யாருடைய சம்மதத்தில்?

வாசலில் கேமரா வைப்பதில் தவறில்லை. மெமரி கார்டில் பதியும் வகை வாங்கினால் மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதன் பார்வை எதிர்வீட்டு வாசலிலோ ஜன்னலிலோ விழக் கூடாது.

வீட்டுக்குள் வைப்பது வேறு விஷயம். பெற்றோர் மீதான கவலையில் மகன் கூடத்தில் கேமரா வைக்கிறார், கவலை உண்மையானதுதான். ஆனால் உம்மா தம் வீட்டிலேயே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடமாடும் நிலை வந்துவிடுகிறது. பிறர் வீட்டில் அனுமதி பெற்றே நுழைய வேண்டும் என்று கற்பிக்கும் அந்நூர் அத்தியாயம், அதே வீட்டில் வளரும் சிறுவர்களும்கூடப் பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் அனுமதி கேட்க வேண்டும் என்கிறது. கேமரா வழியாகப் பார்க்கும் கண்ணும் நுழையும் கண்தான். எனவே வீட்டுக்குள் கேமரா வேண்டுமா என்பதை அங்கே வசிப்பவர் முடிவு செய்யட்டும். படுக்கையறையிலும் பெண்கள் புழங்கும் இடத்திலும் வேண்டவே வேண்டாம். கவலைக்கு மாற்று வழி உண்டு: கதவு திறந்தால் தகவல் அனுப்பும் சிறு சென்சார், அழுத்தினால் மகனின் செல்போனில் ஒலிக்கும் ஒரு பட்டன். இவை உருவத்தைப் பதிவதில்லை. ஆனால் தகவல் வந்துவிடும்.

பூட்டும் சாவியும்

2016இல் ‘மிராய்’ என்ற கெடுநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த ஏராளமான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு நடத்திய தாக்குதலால் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களே அந்த அக்டோபரில் பல மணி நேரம் தடுமாறின. உரிமையாளர்களில் பலருக்குத் தங்கள் கேமரா இதில் பங்கெடுத்தது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. ஆகவே:

• ரௌட்டரின் பாஸ்வேர்டையும் ஒவ்வொரு கருவியின் பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்றுங்கள்.
• செயலியில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள்.
• கணக்கை உங்கள் எண்ணிலேயே தொடங்குங்கள். பொருத்த வந்தவர் தம் செல்போனில் தொடங்கிக் கொடுத்தால், உங்கள் வீட்டுச் சாவி அவரிடம் இருப்பதாகப் பொருள்.
• கருவியை விற்கும்போதும் கொடுக்கும்போதும் ரீசெட் செய்து கொடுங்கள்.

நிறுவனம் மூடிவிட்டால்?

மலிவான கருவிகள் பல, கம்பெனியின் சர்வர் வழியாகவே இயங்குகின்றன. அமெரிக்காவில் 2016இல் ‘ரிவால்வ்’ கருவிகளும், 2022 ஏப்ரலில் ‘இன்ஸ்டியான்’ சர்வர்களும் நிறுத்தப்பட்டபோது, பணம் கொடுத்து வாங்கியவர்கள் திகைத்து நின்றார்கள். 2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ என்ற பொதுத் தரம் இதற்கு ஓரளவு தீர்வு. வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று, வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள அது வழி செய்கிறது. விலை வித்தியாசம் சிறிது என்றால் ‘மேட்டர்’ முத்திரை உள்ளதையே வாங்குங்கள். ஆர்வமும் நேரமும் உள்ள இளைஞர்கள், பழைய கம்ப்யூட்டரிலேயே இயங்கும் ‘ஹோம் அசிஸ்டன்ட்’ என்ற இலவச மென்பொருளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சோதனை

எல்லாம் பொருத்தி முடித்த பிறகு ஒரு மாலை ரௌட்டரை அணைத்துவிடுங்கள். செல்போனை எடுத்து வையுங்கள். வீட்டில் மூத்தவரிடம், வழக்கம்போல் இருங்கள் என்று சொல்லுங்கள். விளக்கு எரிகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, வெந்நீர் வருகிறதா, யாரிடமும் கேட்காமல் அவரால் சமாளிக்க முடிகிறதா என்று பாருங்கள். எங்கே அவர் தடுமாறுகிறாரோ, அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு வேறு வழி தேடுங்கள். அவர் எதையும் கவனிக்காமலேயே அந்த மாலை கழிந்தால், உங்கள் பணம் வீணாகவில்லை.