தமிழ்ப்பள்ளிச் சிறாரும் குடியாட்சிப் பாடமும்: ஒரு வரலாற்று நோக்கு

குடியாட்சியின் அடிப்படைகளை இளஞ்சிறார்க்கு எவ்வாறு உணர்த்துவது என்னும் வினா மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் மிகக் காலந்தாழ்ந்தே எழுந்தது. அதற்குரிய காரணத்தைத் தோட்டப்புறத்திலிருந்தே தொடங்கி நோக்குதல் பொருத்தமாகும்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டங்களில் பள்ளி அமைக்கும் பொறுப்பை முதலாளிகள்மீது சுமத்தியது. கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும் நடைபெற்ற அப்பள்ளிகளில் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த நூல்களே பாடநூல்களாயின. காவிரியையும் வைகையையும் அறிந்த பிள்ளை, தான் வாழும் மாநிலத்தின் ஆட்சிமுறையை அறிய வாய்ப்பில்லை. அவன் கண்ட அரசாங்கம் துரையும் கிராணியும் கங்காணியுமே. ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்னும் எண்ணத்திற்கு அங்கு இடமேது?

1955ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் மலாயாக் கூட்டரசில் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. சட்டமன்றத்தின் 98 இடங்களுள் 52 இடங்களுக்கே தேர்தல். கூட்டணிக் கட்சி அவற்றுள் 51 இடங்களை வென்றது. பதிவு செய்திருந்த ஏறத்தாழ 12.8 இலட்சம் வாக்காளருள் பத்தில் எட்டுப் பேருக்கும் மேற்பட்டோர் மலாய்க்காரர். குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர் பலர் அத்தேர்தலை வெளியிலிருந்தே கண்டனர். வாக்களிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கு வாக்குரிமையைப் பற்றிக் கற்பிப்பது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியர்கள் எளிதில் உணர்வர். 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடத்திட்டத்தை வலியுறுத்தியது. மலாயாவை மையமாகக் கொண்ட கல்வி தமிழ்ப்பள்ளிக்குள் நுழைவதற்கு அதுவே வழிகோலியது எனலாம்.

எனினும் சிறார்தம் நாவில் ஆட்சி பற்றிய சொற்களை நிலைபெறச் செய்தது பாடநூலன்று, உறுதிமொழியே. 1969ஆம் ஆண்டு மே 13 கலவரத்தைத் தொடர்ந்து நாடாளுமன்றம் இயங்காதிருந்த காலத்தில், துன் அப்துல் ரசாக் தலைமையிலான தேசிய நடவடிக்கை மன்றம் நாட்டை நிருவகித்தது. அக்காலத்தில் உருவான ருக்குன் நெகாரா 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பிரகடனப்படுத்தப்பெற்றது. அதன் அமைப்பு ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்கது. முற்பகுதியில் ஐந்து குறிக்கோள்கள் உள்ளன. ஒற்றுமையை அடுத்து இரண்டாவதாக வைக்கப்பெற்றிருப்பது குடியாட்சி வாழ்வுமுறையைப் பேணுதல் என்பதாகும். பிற்பகுதியில் இறை நம்பிக்கை, பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம், அரசியலமைப்பின் மேன்மை, சட்ட ஆட்சி, நன்னடத்தை என்னும் ஐந்து கோட்பாடுகள் உள்ளன. நெடுங்காலமாகப் பல பள்ளிகளின் சபைகூடலில் ஒலித்து வருவது பிற்பகுதி மட்டுமே. அது 'மேற்கூறிய குறிக்கோள்களை' அடையப் பாடுபடுவதாகத் தொடங்குகிறது. மேலே எதுவும் கூறப்படுவதில்லை! குடியாட்சி என்னும் சொல் விடுபட்ட பகுதியிலேயே தங்கிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை மனப்பாடமாகச் சொல்வதில் விசுவாசமும் ஒழுக்கமும் உள்ளன. அவை எதன்பொருட்டு என்பது இல்லை. முற்பகுதியைத் தமிழில் விளக்கி ஒரு பாடவேளையைச் செலவிடுதல் எந்த ஆசிரியர்க்கும் இயலும் என்பது எம் கருத்து.

பாடங்களின் பெயர்கள் பலமுறை மாறின. 1970களில் குடிமையியல் தனிப்பாடமாக இருந்தது. 1983 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தில் அது தனித்து நிற்கவில்லை. 1994இல் கஜியான் தெம்பாத்தான் வந்தது. 2005இல் குடிமையியலும் குடியுரிமைக் கல்வியும் நான்காம் ஆண்டு முதல் மீண்டும் தனிப்பாடமாயின. 2014இல் வரலாறு நான்காம் ஆண்டிலிருந்து கட்டாயப் பாடமாயிற்று. 2019இல் குடிமைக் கல்வி பிற பாடங்களுள் இணைக்கப்பெற்றது.

இப்பாடங்களைக் கற்பிக்குங்கால் வீடு, பள்ளி, ஊர், மாநிலம், நாடு என அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்வது வழக்கம். சிறார்க்கு ஏற்ற முறையே. ஆனால் மலேசியச் சூழலில் இவ்வேணியில் ஒரு படி முறிந்துள்ளது. விளையாட்டுத் திடலைப் பேணுவது ஊராட்சி மன்றமாதலின், பிள்ளை நேரில் காணும் அரசு அதுவே. அம்மன்ற உறுப்பினரை இன்று மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை; மாநில அரசே நியமிக்கிறது. முன்னர் இந்நிலை இல்லை. ஜோர்ஜ் டவுனில் 1951 டிசம்பரிலும் கோலாலம்பூரில் 1952 பிப்ரவரியிலும் நகராண்மைத் தேர்தல்கள் நடைபெற்றன; நாட்டின் முதற் பொதுத்தேர்தலுக்கும் அவை முற்பட்டவை. இந்தோனேசிய மோதலின்போது 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பெற்றன. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அவற்றை முற்றாக நீக்கியது. "நம் ஊர் மன்றத்தாரை யார் தேர்ந்தெடுத்தார்?" என்று ஒரு மாணவி வினவினால் இவ்வரலாற்றையே விடையாகக் கூறவேண்டும், மழுப்புதல் தகாது.

இவ்விடத்தில் உத்திரமேரூர்க் குடவோலை முறையைப் பெருமிதத்துடன் எடுத்துக்காட்டுவது நம்மவர் வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) முப்பது குடும்புகளையும், உறுப்பினர்க்குரிய தகுதிகளையும், கணக்குக் காட்டாதவர் விலக்கப்படுதலையும் தெளிவுற உரைக்கின்றன. ஆயினும் அது பிராமணர் ஊரின் சபை. நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. தெரிவும் வாக்கெடுப்பன்று, சீட்டெடுப்பே. இவற்றை மறைத்து அதனை இன்றைய குடியாட்சியின் மூலமெனக் கற்பித்தல் வரலாறாகாது. மாணவர்க்குச் சுவையூட்டும் செய்தி ஒன்று அக்கல்வெட்டிலேயே உண்டு: குடத்திலிருந்து ஓலையை எடுத்தவன் உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவன். சூதின்மைக்குச் சான்றாகவே பிள்ளையின் கை வேண்டப்பட்டது. அவன் கருத்து வேண்டப்படவில்லை.

வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்துத் தாமாகவே வாக்காளராகப் பதிவுபெற வழிசெய்த அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 2014இல் நான்காம் ஆண்டில் வரலாற்றைத் தனிப்பாடமாகப் பயின்ற முதல் அணியினர் 2004இல் பிறந்தோர். அவர்கள் 18 வயதை எட்டிய 2022ஆம் ஆண்டின் நவம்பர் 19ஆம் நாளில்தான் 15ஆவது பொதுத்தேர்தல் நடைபெற்றது. தொடக்கப்பள்ளியில் அப்பாடத்தைக் கற்றதற்கும் வாக்குச்சீட்டைக் கையில் பெற்றதற்கும் இடையே அவர்களுக்குக் கிடைத்தவை எட்டே ஆண்டுகள்.