சிரங்குப் பூச்சியின் சரித்திரம்

சொறி சிரங்கு முன்வினைப் பயன் என்பாரும், கெட்ட இரத்தத்தின் கோளாறு என்பாரும், தாழ்ந்த சாதியார்க்கே உரிய வியாதி என்று மூக்கைப் பொத்துவாரும் நம்மிடையே இன்றும் உளர். இவை பொய்யென மெய்ப்பிக்கப்பட்டு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அப்பெருமையில் முதற்பங்கு படித்த வைத்தியர்க்கன்று. ஏழைத் தாய்மார்க்கும் அடிமைகளுக்குமே உரியது.

இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில், தாய்மார் தம் பிள்ளைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் நுண்ணியதொரு பொருளை எடுத்துப் போடுவர். சிறைப்பட்ட அடிமைகளும் ஒருவர்க்கொருவர் அவ்வாறே செய்துகொள்வர். செஸ்தோனி என்னும் மருந்துக்கடைக்காரர் இதனைக் கவனித்தார். அவரும் பொனோமோ என்னும் வைத்தியரும் அப்பொருளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்க, ஆமையொத்த உடலுடைய ஓர் உயிர் தென்பட்டது. அது முட்டையிடுவதையும் கண்டனர். 1687-ல் இச்செய்தி அச்சேறியது. போப்பாண்டவரின் வைத்தியரான லான்சீசி ஏற்கவில்லை; பண்டிதருலகமும் மறந்தது. 1834-ல் ரெனூச்சி என்னும் கார்சிகா நாட்டு மாணவர், தம் ஊர்ப் பெண்டிர் செய்வதைப் போலவே பாரிஸ் மருத்துவசாலையில் பூச்சியை எடுத்துக் காட்டிய பின்னரே ஐயம் ஒழிந்தது. கந்தகம் பூசினால் குணமாகும் என்பதை நம் சித்தரும் மேனாட்டாரும் முன்பே அறிந்திருந்தனர். எதனைக் கொல்கிறோம் என்பதே தெரியாதிருந்தது!

இது எட்டுக்கால் உயிர். சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. பெண்பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மேல்தோலில் வளைதோண்டி நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகளிடும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில், போருக்குச் செல்ல மறுத்த இளைஞர் சிலர் தம் உடலையே மெல்லன்பி என்னும் ஆராய்ச்சியாளரிடம் சோதனைக்கு ஒப்படைத்தனர். நோயாளி ஒருவரிடம் இருப்பவை சராசரி பதினொரு பெண்பூச்சிகளே என்றும், கம்பளியைவிட உடலோடு உடல் ஒட்டுவதாலேயே நோய் பரவுகிறதென்றும் அவர் கண்டார். முதன்முறை தொற்றியவனுக்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை அரிப்பே தோன்றாது. அதற்குள் அவன் பிறர்க்குக் கொடுத்துவிடுவான்.

ஆகவே நெருங்கி வாழும் இடமே இதற்கு வாழ்வு. சிங்கப்பூரின் மேற்கிலுள்ள பூன் லே, அங்கே ரப்பர் பயிரிட்ட சியூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயர் தாங்கியது. ரப்பர் போய்த் தொழிற்சாலைகள் வந்தன. அவ்வட்டாரத்து விடுதிகளில் தமிழகத்துத் தொழிலாளரும் வங்காளதேசத்தாரும் அடுக்குக் கட்டில்களில் உறங்குகின்றனர். 2021-ல் வந்த விதி, புதிய விடுதிகளில் அறைக்குப் பன்னிருவர்க்கு மேல் கூடாதென்கிறது. பன்னிருவரும் நெருக்கந்தானே! தோட்டத்து லயங்களின் கதையும் இதுவே.

இங்கு ஒருவன் வேலை போய்விடுமோ என்றஞ்சி அரிப்பை மறைத்து, இரகசியமாகக் களிம்பு பூசிக்கொண்டால் பயனென்ன? பக்கத்துக் கட்டிலிலிருந்து அது மீண்டும் வரும். அரிப்பு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்து முதல் உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் விடாமல் இரவில் பூசிக் காலையில் குளித்து, ஒரு வாரத்தில் மறுபடி பூசுவது முறை. ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. அது வைத்தியர் எடையறிந்து கொடுப்பது. உடுப்பையும் விரிப்பையும் வெந்நீரில் துவைக்கலாம். இயலாதெனின் மூன்று நாளுக்குக் குறையாமல் பையில் கட்டி வைத்தால், உடலைப் பிரிந்த பூச்சி மடியும்.

பூச்சி இறந்த பின்னும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கலாம். மருந்து பலிக்கவில்லையென எண்ணி நாள்தோறும் பூசித் தோலைப் புண்ணாக்கிக் கொள்வோர் பலர்.