வன்னிக் காடும் துவக்குச் சட்டமும்

வன்னியின் வரலாற்றைத் துவக்கின் வரலாறாகவும் எழுதலாம். 1803ஆம் ஆண்டில் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையிலிருந்து ஆங்கிலேயப் படையை விரட்டி, அதன் பீரங்கியையும் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்ரிபேர்க் அவனைத் தோற்கடித்தான். வன்னியில் எவன் துவக்கு ஏந்தலாம், எவன் ஏந்தலாகாது என்று விதிக்கும் அதிகாரம் அதன்பின் அந்நிய ஆட்சியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று தேசியப் பூங்காவின் எல்லைக்குள் பொதுமக்கள் துவக்குக் கொண்டு செல்லுதல் குற்றம். வாயற்ற உயிர்களைக் காக்கும் நல்ல விதி இது. ஆயினும் இவ்விதியை ஏந்தி நிற்கும் அரசு இயந்திரம் முன்னர் என்ன செய்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கொலோனியல் செயலாளராய் இருந்த எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்குத் தந்துள்ளார். 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. கொன்றவர்கள் உள்ளூர்க் குடிமக்கள். தலைக்குச் சில சிலிங் வீதம் பரிசளித்தது அரசாங்கம்! யானையைக் கொல்லுமாறு ஏழையின் கையில் காசு வைத்த ஆட்சியே, பின்னர் அவனைக் காட்டின் பகைவன் என்று சுட்டியது.

விலங்குகள் அருகத் தொடங்கியதும் சட்டங்கள் பிறந்தன. 1872இலும் 1891இலும் வேட்டையைக் கட்டுப்படுத்தும் கட்டளைகள் வந்தன. 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. அதில் முன்னின்றவர்கள் வேட்டைப் பிரியர்களான துரைமார். தாம் சுடுவதற்கு விலங்கு எஞ்ச வேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. 1909இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1916இல் துவக்குகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் சுடுகலன் சட்டமும் வந்தன. சீட்டுப் பெற்ற கனவான் சுட்டால் அது விளையாட்டு. சீட்டில்லாத உழவன் சுட்டால் அது களவு என்ற நிலை உண்டாயிற்று. பரணில் இரவு முழுதும் விழித்திருந்து, பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் பயிரைக் காக்கும் குடியானவனுக்குத் துவக்கு ஏர் போன்ற ஒரு கருவி என்பதை அச்சட்டங்கள் பெரிதாய் எண்ணவில்லை.

1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1938 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அது காட்டைக் கூறுபடுத்தியது: மனிதர் பொதுவாக நுழையவொண்ணாத கடும் ஒதுக்ககம், அனுமதியுடன் பார்வையிடும் தேசியப் பூங்கா, பருவகாலத்தில் சீட்டுடன் வேட்டையாட இடமளித்த இடைவலயம். வன்னிக்குத் தென்மேற்கே வில்பத்து 1938இல் தேசியப் பூங்காவாயிற்று. சுண்டிக்குளம் அதே ஆண்டிலும், கொக்கிளாய் 1951இலும் சரணாலயங்களாயின.

பின்னர் 1983 முதல் 2009 வரை நீண்ட போர். காட்டிலே ஒலித்தது வேட்டைத் துவக்கின் ஓசையன்று. சரணாலயம் என்ற சொல் பறவைக்கும் பயன்படவில்லை, மனிதனுக்கும் பயன்படவில்லை. இடம்பெயர்ந்த மக்கள் மீண்டு, பற்றை மண்டிய வயல்களை வெட்டித் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், 2015இல் சுண்டிக்குளமும் மடுறோட்டும் தேசியப் பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. முன்பு 11,149 ஹெக்டயராக இருந்த சுண்டிக்குளச் சரணாலயம், பூங்காவானபோது 19,565 ஹெக்டயராக விரிந்தது. தம் வயலும் தொழிலிடமும் எல்லைக்கல்லின் எப்பக்கம் என்ற கேள்வி உழவரையும் மீனவரையும் வாட்டத் தொடங்கியது.

துவக்கு வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. கட்டுத்துவக்கும், தீனிக்குள் மறைத்து வைக்கும் வெடியும் யானைக் கன்றுகளைக் கொடூரமாய்க் கொல்கின்றன. கட்டுத்துவக்கில் மனிதரும் மாண்டிருக்கின்றனர். எனினும், உழவனின் கையிலிருந்து துவக்கை வாங்கும் அரசு, அவன் பயிரைக் காக்கும் கடனையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறது. பழுதுபடாத மின்வேலியும், காலந்தாழ்த்தாத இழப்பீடும், ஊராரைக் கேட்டு இடும் எல்லையும் அக்கடனின் பகுதிகள். இவற்றைத் தராத அரசு யானையையும் காக்காது, உழவனையும் காக்காது. ஒரு போகம் முழுவதையும் ஒரே இரவில் இழந்தவனிடம் சட்டப்புத்தகத்தை நீட்டினால், அவன் மறைவில் வெடி வைக்கும் வழியையே தேடுவான்.