காதும் கருவியும்

என் சிறுவயதில் மதுரைப் பட்டறை மேஸ்திரிக்கு நீளமான ஸ்குரூடிரைவர் ஒன்று போதும். முனையை என்ஜினில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்து, கோளாறைச் சொல்லிவிடுவார். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் தொழில் தொடங்கிய ஊர் அல்லவா! இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கருவி செய்து விற்றது.

பிறகு வண்டிக்குள் கணினி வந்தது. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு ஓ.பி.டி.-2 கட்டாயம், 16 முனை சாக்கெட் பொதுவானது. இங்கே 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 வந்தபின், ஸ்கேனர் இல்லாமல் சரக்கு வேனைத் தொட மேஸ்திரிகள் தயங்குகிறார்கள்.

என் தங்கை மகன் மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றுபவன். வேன் இழுக்கவில்லை என்று மலிவான புளூடூத் கருவி வாங்கிச் செருகினான். பி-0087 என்றது: டீசல் அழுத்தம் குறைவு. 'பம்ப்பை மாற்று' என்றார்கள், கையிருப்பெல்லாம் போயிருக்கும். இன்னொரு பட்டறையில் வண்டியை ஓட்டிக்கொண்டே அழுத்த அளவைத் திரையில் பார்த்தார்கள். பாரம் ஏற ஏற அழுத்தம் சரிந்தது. முதலில் ஃபில்டரைக் கழற்றினார்கள்; அடைத்திருந்தது. புதிதைப் போட்டதும் வேன் இழுத்தது.

வாங்குமுன் பாருங்கள்: உங்கள் வண்டி 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? உங்கள் மாடலை மென்பொருள் அறியுமா? மலிவுக் கருவி பெரும்பாலும் பொதுக் குறியீடுகளோடு நின்றுவிடும். ஏ.பி.எஸ். பார்க்க, புது இன்ஜெக்டரின் எண்ணைப் பதிய, அந்தக் கம்பெனி வண்டிக்கான மென்பொருள் வேண்டும்.

குறியீடு நோயின் அறிகுறிதான், நோய் அல்ல. அந்த மேஸ்திரியின் காது இன்றும் தேவைப்படுகிறது.